நீ கொல்லாத மீன்கள்

செல்வி,

போனில் சொல்லி முடிகிற விஷயமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருப்பேன். வாயெடுத்தேன், வரவில்லை. அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்து இப்போதெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள். மூன்று வருஷமாக நீயும் மாப்பிள்ளையும் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தீர்கள். இப்போது காப்பகத்திலிருந்து கூப்பிட்டு, பதினோரு மாதப் பெண் குழந்தை, மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். மாப்பிள்ளை தொட்டில்வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறாராம். நீ குழந்தையின் படத்தை அனுப்பிவிட்டு, "பாத்தியாம்மா?" என்றாய். "பாத்தேன், என்ன கன்னம்டி அது!" என்றேன். ஒரு சிரிப்பு சிரித்தாய். பிறகு சொன்னாய்: "வேண்டாம்னு எழுதிரப் போறேம்மா. நாலு மீன வளக்கத் துப்பில்லாதவ நான். புள்ளைய எப்படி வளப்பேன்?"

"கிறுக்கு மாதிரி பேசாத" என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தேன். விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு முப்பத்தாறு வயசு. அந்த மீன்கள் செத்தபோது உனக்கு ஒன்பது. இத்தனை வருஷம் கழித்தும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது என்றால் அது விளையாட்டில்லை. அரைமணி நேரம் போன் பேசின நாற்காலியிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. உங்க அப்பா வந்து, "என்ன, மயக்கமா?" என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். "எழுதுறதா இருந்தா முழுசா எழுது. பாதி எழுதுறதுக்கு எழுதாமலே இருந்துரலாம்" என்றார். அதனால் முழுசாக எழுதுகிறேன்.

மீன்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் நீர்ப்பூஞ்சையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ கணக்குப் படித்தவள், நான் தாவரவியல் பேச ஆரம்பித்தாலே கொட்டாவி விடுவாய். இந்த ஒரு தடவை கேட்டுக்கொள். தண்ணீரில் ஒரு ஈ செத்து விழுந்தால் மூன்றாம் நாள் அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் எழும்பும். பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று நினைப்போம். அது உயிர். ஒவ்வொரு இழையும் ஒரு நீளக் குழாய், நடுவில் தடுப்பே கிடையாது. அறை பிரிக்காத ஒரே வீட்டில் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் சேர்ந்து குடியிருக்கும். சில இழைகள் ஈயின் உடம்புக்குள் வேராக இறங்கிச் சாப்பிடும், மற்றவை வெளியே தண்ணீரில் அசைந்துகொண்டிருக்கும். பூஞ்சை என்பது பேச்சுக்குத்தான். உறவுமுறை பார்த்தால் காளானைவிடக் கடல்பாசிக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்.

முதன்முதலாக அது வித்து விடுவதைப் பார்த்த காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கல்லூரி லேப், ஜன்னலோரம், மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் வெயில் வாங்கி வைத்திருந்தேன். ஒரு இழையின் நுனி கொஞ்சம் தடித்தது. உள்ளே கூழ் திரண்டு கருத்து, ஒரு சுவர் எழும்பி, நுனி மட்டும் தனியாகப் பிரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே இருந்ததெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாகி நடுங்கத் தொடங்கியது. நுனியில் வாசல் திறந்தது. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி எல்லாம் ஓடி வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் இரண்டு முடி, அதை அடித்து நீந்துகின்றன. கொஞ்ச தூரம் போய் நிற்கும், முடியை விட்டுவிட்டு உருண்டையாகி, ஓடு கட்டிக்கொண்டு தூங்கும். பிறகு ஓட்டை விட்டு வெளியே வரும்போது உருவமே வேறு. அவரை விதை மாதிரி உடம்பு, முடி இப்போது இடுப்பில். மறுபடி நீந்தும், இந்தத் தடவை ரொம்ப நேரம். அது ஏன் இரண்டு தடவை நீந்துகிறது என்பதற்கு இன்றைக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. வித்தெல்லாம் போய்க் காலியான கூட்டுக்குள்ளேயே அடுத்த கூடு வளர ஆரம்பித்திருக்கும்.

இதில் உனக்கு ஏதோ பாடம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தினது போதும். அழகாக இருந்தது, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அந்தத் தண்ணீருக்குள் இருப்பேன். காது அடைத்துப்போகும். பச்சையும் வெளிச்சமுமாக ஒரு மௌனம். யாராவது "மேடம்" என்று கூப்பிட்டால் கரையேறி வர எனக்கு நேரமாகும். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். நீ "அம்மா, அம்மா" என்று நாலு தடவை கூப்பிட்ட பிறகு ஐந்தாவது தடவைதான் எனக்குக் காதில் விழும். உனக்கு அது ஞாபகம் இருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

அந்தப் பூஞ்சையைப் பிடிக்க எள்தான் தூண்டில். எள்ளை வேகவைத்து, சின்ன வலைப்பையில் கட்டி, நூலோடு தண்ணீரில் விட்டுவிட்டு மூன்றாம் நாள் போய் எடுக்க வேண்டும். கண்டரமாணிக்கம் பக்கம் ஒரு குடிதண்ணீர் ஊருணிக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேனே, மார்கழி லீவில். காலை நனைக்கக்கூட விடாத ஊருணி. நான் படியில் குனிந்து பையை இறக்குகிறேன், பின்னாலிருந்து ஒரு சத்தம். "ஏம்மா, யாரு செத்துப்போனது? எள்ளு எறைக்க ஒங்களுக்கு எங்க குடிதண்ணிதான் கெடச்சுச்சா?" காவலுக்கு இருந்த பெரியவர். நான் பதறிப்போய், "ஐயய்யோ, யாரும் சாகலைங்க. இதுல ஒரு பூஞ்சை வளக்குறேன்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. "குடிக்கிற தண்ணில பூஞ்சைய வளக்குறீகளா? படிச்சவுகதானா நீங்க? அங்குட்டு குளிக்கிற ஊருணி இருக்கு, அங்க போயி வளங்க!" நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் புதுசாக எதையும் போடவில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பதைத்தான் எடுக்கிறேன், குடிக்கிற யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகாது என்று மூச்சுவாங்கப் புரியவைத்தேன். கடைசியில் உன் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார். "மூணு நாளு. நாலாம் நாளு ஒரு எள்ளு தண்ணில கெடக்கப்படாது" என்றார்.

மூன்றாம் நாள் எடுத்தபோது ஒவ்வொரு எள்ளையும் சுற்றி வெள்ளை வட்டம். அதே நாள் நம் வீட்டுக்குப் பின்னாலிருந்த கண்மாயில், மிச்சத் தண்ணீர் வழிகிற கழுங்கில் நீ துண்டை விரித்து நாலு கெண்டைக் குஞ்சு பிடித்தாய். மிட்டாய்க் கடையில் கெஞ்சி வாங்கிய பெரிய கண்ணாடிப் பாட்டிலில் விட்டாய். பாட்டிலை எங்கே வைப்பது என்று வீடெல்லாம் சுற்றிவந்து, வெயில் படாத, குளிர்ச்சியான இடமென்று சாமான் அறை மூலையைக் கண்டுபிடித்தாய். என் பூஞ்சைத் தட்டுகளையும் நான் அங்கேதான் வைத்திருந்தேன். லீவில் லேப் பூட்டியிருந்தது, அதுகளுக்கும் குளிர்ச்சி வேண்டும். உன் மீனும் என் பூஞ்சையும் ஒரே மேஜையில்.

அந்தச் சமயத்தில் நான் இருந்த நிலைமையைச் சொல்கிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை, முழுசாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக. என் ஆராய்ச்சி இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் நின்றது. இந்தப் பூஞ்சை நீந்தும் வித்து விட்டுக்கொண்டே காலத்தை ஓட்டும். சாப்பாடு தீர்ந்து, குளிர்ச்சியும் சேர்ந்து வந்தால்தான், அதுவும் மனசு வைத்தால்தான், ஆண் பெண் உறுப்புகளை உண்டாக்கும். பெண் உறுப்பு ஒரு உருண்டை, அதற்குள் முட்டைகள். பக்கத்து இழையிலிருந்து மெல்லிசாக ஆண் கிளை வளைந்து வந்து அதைத் தழுவும். அந்த உருண்டையின் சுவர் எப்படி, உள்ளே எத்தனை முட்டை, தழுவும் கிளை எங்கிருந்து வருகிறது, இதையெல்லாம் பார்த்தால்தான் எந்த இனம் என்று பெயர் சொல்ல முடியும். எனக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை. கைடு சார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "பேரு தெரியாத ஒண்ணப் பத்தி இருநூறு பக்கம் எழுதி என்னம்மா செய்யிறது? இந்தக் குளிருக்குள்ள வரலைன்னா தலைப்பை மாத்திருங்க." கல்யாணமாகி, குழந்தை பெற்று, முப்பத்து மூன்று வயசில், காலேஜில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள் நான். தலைப்பை மாற்றினால் அதோடு விட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

தட்டுகளில் இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாறிப்போகும். ஒரு காலையில் தண்ணீரை மாற்றினேன். பழைய தண்ணீர் ஒரு கிண்ணம் கையில் இருந்தது. உன் பாட்டிலில் தண்ணீர் குறைந்திருந்தது. ஊருணித் தண்ணீர்தானே, குழாய்த் தண்ணீரைவிட மீனுக்கு நல்லதுதானே என்று அதில் ஊற்றினேன். அந்தக் கிண்ணம் முழுக்க நீந்தும் வித்து இருக்கும் என்பது இந்த ஜில்லாவிலேயே என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்காது. உடம்பு நன்றாயிருக்கிற மீனை அது தொடாது என்று படித்த படிப்பு கண்ணை மறைத்தது. உன் குஞ்சுகள் துண்டில் உரசி அங்கங்கே செதில் உதிர்ந்திருந்தன. அதை நான் பார்க்கவில்லை. செதில் உரிந்தது உன் துண்டினால், அதனால் பாதித் தப்பு உன்னுடையது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னுடையது கால்வாசிகூட இல்லை. துண்டில் மீன் பிடிக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

இதுவரை சொன்னது கவனக்குறைவு. இதோடு முடிந்திருந்தால் என்றைக்கோ சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்லியிருப்பேன். இனிமேல் சொல்லப்போவதுதான் சொல்ல முடியாமல் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நீ ஓடி வந்தாய். "அம்மா, மீனுக்குப் பஞ்சு மொளச்சிருக்கு! என்னம்மா செய்யணும்?" வந்து பார்த்தேன். ஒரு குஞ்சின் விலாவில் வெள்ளையாக, என் பூஞ்சை. பார்த்த கணமே தெரிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும், செல்வி. தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பைக் கரைத்தால் போதும், அது அடங்கிவிடும். அடுப்படி பத்தடி தூரம். உப்பு ஜாடி கைக்கெட்டுகிற உயரத்தில். நான் எடுக்கவில்லை. உப்புப் போட்டால் பூஞ்சை செத்துவிடும் என்பதால்தான் எடுக்கவில்லை. எள்ளில் வராதது மீனில் வந்தாலும் வரும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உன்னைப் பார்த்து, "தானாச் சரியாப் போயிரும், நீ போயி வெளையாடு" என்றேன்.

நீ விளையாடப் போகவில்லை. நாலு நாள் அந்தப் பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். தவிட்டைத் தீப்பெட்டியில் அளந்து வைத்து, ஒரு வேளைக்கு ஒரு பெட்டியில் கால்வாசி என்று கோடு போட்டிருந்தாய். தண்ணீரை நீயாகவே டம்ளர் டம்ளராக மாற்றினாய். ஒவ்வொன்றாகப் போனது. கடைசி மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தபோது நீ அதன் மேலே மூச்சை ஊதினாய், காற்று வேண்டுமோ என்று. நான் கதவோரம் நின்று பார்த்தேன். என் கையில் ஒரு சின்ன இடுக்கி இருந்தது.

அடக்கம் செய்ய நீ குழி தோண்டப் போன நேரத்தில் அந்த மீனிலிருந்து ஒரு நார் கிள்ளி எடுத்து, சுத்தத் தண்ணீரில் ஒற்றை எள்ளோடு விட்டேன். பத்து நாள் கழித்து, லீவுக்காக லேப்பிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்திருந்த மைக்ராஸ்கோப்பின் கீழே தட்டைத் தள்ளினேன். உருண்டைகள், செல்வி. இழையெங்கும் உருண்டைகள். ஒவ்வொன்றின் சுவரிலும் சின்னச் சின்னக் குழிகள் வழியாக வெளிச்சம். உள்ளே ஆறு, எட்டு முட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய்ச் சொட்டு மின்னிக்கொண்டு. ஆண் கிளைகள் வந்து தொட்டபடி இருந்தன. தொட்ட இடத்தில் உள்ளுக்குள் ஒரு நுண்குழாய் போய், அந்த முட்டைகள் கனத்த ஓடு போட்டுக்கொள்ளும். அப்புறம் ஊருணி வற்றி அடிமண் வெடித்தாலும் அவை மண்ணுக்குள் கிடக்கும். மழை வரும்வரை, எத்தனை மாதமானாலும். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை. அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். அந்த அறையில் உன் காலிப் பாட்டில் இருந்தது, அது என் கண்ணிலேயே படவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்தபோதுதான் நீ கேட்டாய், "ஏம்மா செத்துச்சு?" பத்து நாளாக அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீ அளவில்லாமத் தீனி போட்டுருப்ப. தண்ணி கெட்டுப்போச்சு." நீ தீப்பெட்டியை எடுத்துக் கோட்டைப் பார்த்தாய். பிறகு தலையை ஆட்டினாய், ஒத்துக்கொண்ட மாதிரி. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதுவும் காலேஜில் சொல்லிக்கொடுக்கிற அம்மா.

எனக்குப் பட்டம் கிடைத்தது. என் ஆராய்ச்சிப் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த உருண்டைகளின் படம் இருக்கிறது. கைடு சாருக்கு நன்றி, உங்க அப்பாவுக்கு நன்றி, லேப் அட்டெண்டருக்குக்கூட நன்றி போட்டிருக்கிறேன். உன் பெயர் இல்லை. எழுதினால் ஏன் என்று நீ கேட்பாய் என்ற பயம். அதற்குப் பிறகு நீ எந்த உயிரையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டியை மடியில் வைத்தார்கள், எழுந்துவிட்டாய். ரோஜாத் தொட்டி ஒன்று பிறந்தநாளுக்கு வந்தது, மறுநாளே தோழிக்குக் கொடுத்தாய். "எங்கிட்ட இருந்தா செத்துரும்மா" என்றாய். அப்போது நான் மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. அந்த ஒரு தடவை, முதல் கூப்பிடுதலிலேயே காதில் விழுந்தது. நிமிர்ந்து, "அது நீ இல்லடி, நான்" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த தாளை எடுத்தேன்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் புத்தி சொல்ல எனக்கு இனி யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், அதுவும் எனக்குத் தெரியாமல் போனதால் சொல்கிறேன். ஒரு நாள் அந்தப் பெண் உன்னிடம் வந்து ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கும். தப்பு உன்னுடையதாக இருக்கும். அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாளைக்கு வைத்தால் அது வேறு ஆளின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், பெரும்பாலும் உன் பக்கத்தில் நிற்கிற சின்ன ஆளின் தலையில்.

கோபம் வரும். வரட்டும், நியாயமான கோபம். என்னோடு பேசாமல் இருக்கத் தோன்றினால் இரு. உங்க அப்பாவிடம் மட்டும் பேசு, அவருக்கு இதில் பங்கில்லை. என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை ஆற அமர முடிவு செய்துகொள், எத்தனை வருஷமானாலும் சரி, நான் கேட்டு நச்சரிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை மாதக் கடைசிக்குள் எழுத வேண்டிய பதிலில் காட்டிவிடாதே. அந்தக் குழந்தையை என் கையில் கொடுக்க உனக்கு மனசு வராவிட்டால் கொடுக்காதே. இந்த வாசலுக்கே கொண்டுவராவிட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கன்னத்தைப் படத்தில் பார்த்துக்கொள்கிறேன். பயப்பட வேண்டுமென்றால் என் கையைப் பார்த்துப் பயப்படு. உன் கையில் எதுவும் சாகவில்லை, செல்வி. போய்த் தூக்கு.

அம்மா